தெர்மாகோல் மலைக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட்: சித்தூரிலிருந்து திருப்பதிக்கு

"டீச்சர், குதிரை மலை ஏறாதா?"

நகரியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தபோது ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. படை மலையைச் சுற்றிக்கொண்டு போனது என்று பாடத்தில் இருந்தது. நான் டஸ்டரைச் சாய்த்துப் பிடித்து அதன்மேல் ஒரு சாக்பீஸ் துண்டை நிறுத்தினேன். உருண்டு கீழே விழுந்தது. "ஏறும்மா. ஆனா ஏறின இடத்துல நிக்கணுமே" என்றேன். வகுப்பு ஒப்புக்கொண்டது. சொன்ன நானே அதைப் பிறகு மறந்துபோனேன். இந்தப் பயணம் அதனால் வந்ததுதான்.

ஓய்வு பெற்றபின் சித்தூரில் வீட்டோடு இருக்கிறேன். பொழுதுபோக்கு, மலை செய்வது. மேசைமேல் சுண்டுவிரல் உயரப் போர்வீரர்களை அணிவகுத்து, பகடை உருட்டி, டேப்பால் தூரம் அளந்து ஆடும் போர் விளையாட்டு ஒன்று உண்டு. அந்த மேசைக்கு மலை, பாறை, புதர், ஊர் எல்லாம் வேண்டும். கடையில் வாங்கலாம், கையால் செய்வதில்தான் எனக்கு ருசி. ஃப்ரிட்ஜ் வந்த தெர்மாகோல் மலையாகும். காய்ந்த பீர்க்கங்காய் நார் புதராகும். கொதிக்கவைத்து வடிகட்டிய டீத்தூளை உலர்த்தினால் காட்டுத் தரை. ஸ்ப்ரே பெயின்ட் மட்டும் நேராக அடித்துவிடாதீர்கள், தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும். மேலே காகிதம் ஒட்டிக் காய்ந்த பிறகே வண்ணம்.

திருப்பதியில் பாஸ்கர் என்று ஒரு வங்கி ஊழியர், தம் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு இந்த ஆட்டத்தை நடத்துகிறார். அங்கே மலை என்றால் தடித்த புத்தகங்களை அடுக்கிப் பச்சைத் துணி போர்த்தியதுதான். ஐப்பசியில் என் முதல் மலையை எடுத்துப் போனேன். மூக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் நகரி மலை உச்சியைப் பார்த்து, அதே கூர்மையோடு செய்திருந்தேன். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். பாஸ்கர் அதன் சரிவில் நாலு குதிரைவீரர்களை வைத்து, மேசையை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். நாலும் சறுக்கி அடிவாரத்தில் கிடந்தன. "ரொம்ப அழகு டீச்சர். ஷோகேஸ்ல வைங்க" என்றார். மறுபடி புத்தகங்கள் வந்தன.

திரும்பும் பஸ்ஸில் மடியில் மலையோடு ஜன்னல் பக்கம் முறைத்துக்கொண்டு வந்தேன். சந்திரகிரி தாண்டும்போது பாறைமேல் ஆடுகள். செங்குத்தான மலை, ஆனால் ஒவ்வொரு ஆடும் ஒரு தட்டையான பாறையில் நின்றுதான் அடுத்ததற்குத் தாவியது. தூரத்தில் சரிவாகத் தெரிவது கிட்டத்தில் படிப்படியாக இருக்கிறது. டஸ்டரும் சாக்பீசும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

இரண்டாவது மலையைத் தட்டுத் தட்டாக வெட்டினேன். ஒவ்வொரு தட்டும் ஒரு குதிரை நிற்கும் அகலம். விளிம்புகளைக் கையால் பிய்த்துப் பாறையாக்கினேன். தை மாதம் நெல்லூரிலிருந்து ஓர் அணி ஆட வருவதாகச் செய்தி வந்தது. மேசை நடுவில் என் மலையா, பழைய புத்தகங்களா? அன்று தெரிந்துவிடும்.

காலை ஆறரைக்கு சித்தூர் பஸ் ஸ்டாண்ட். எக்ஸ்பிரஸ் பஸ், எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஆந்திர முகவரியுள்ள ஆதார் காட்டினால் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. என்னோடு, மலை வைத்த பெட்டியின் மறுமுனையைத் தூக்க என் வீட்டுக்காரர். மாம்பழக்கூழ் வந்த பழைய அட்டைப் பெட்டி அது; கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்தார். "அம்மா, உங்களுக்கு ஃப்ரீ. கொண்டக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்" என்றார். தெலுங்குக்காரர், அவர் வாயில் மலை கொண்டதான். மலைக்கு இருபது ரூபாய், வீட்டுக்காரருக்கு நூற்றுப் பத்து.

"ஊரைச் சுத்தி மலை. இவ இன்னொண்ணத் தூக்கிக்கினு போறா, அதுக்கு நான் டிக்கெட்டு எடுக்கறேன்" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார் மனிதர்.

முன்சீட்டில் மொட்டை போடப் போகும் ஓர் அம்மா திரும்பிப் பார்த்து, கொலுவுக்கா, சாமியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். சாமி இல்லை, பொம்மைப் படைகள் சண்டை போடும் மலை என்று விளக்கினேன். "சண்டைக்கு மலை வேணுமா? எங்க ஊட்ல தரையிலயே போட்டுக்கினு கீறாங்க" என்றார். என் வீட்டுக்காரர் சந்திரகிரி வரைக்கும் சிரித்தார்.

திருப்பதியில் இறங்கி ஆட்டோ, எண்பது ரூபாய். மாடியில் நெல்லூர்க்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். மேசைமேல் புத்தகங்கள் அடுக்கித் தயாராக இருந்தன. பாஸ்கர் அவற்றை ஓரம் தள்ளி, என் மலையை வைத்து, அதே நாலு குதிரைகளை உச்சித் தட்டில் நிறுத்தினார். தட்டினார். ஒன்று ஆடியது. ஆடியது நின்றது. பாஸ்கர் இன்னும் பலமாக ஒரு முறை தட்டினார். நாலும் அசையவில்லை.

"புத்தகமெல்லாம் அலமாரிக்குப் போகட்டும்" என்றார்.

வாழ்நாளெல்லாம் புத்தகத்தை எடு, படி என்று சொன்னவள் நான். ஆனாலும் பாஸ்கரின் அந்த வாக்கியம் போல எதுவும் எனக்கு இனித்ததில்லை.

அதற்குமேல் ஒரு சுவை. நெல்லூர் அணி தட்டுத் தட்டாக ஏறி, உச்சியிலிருந்து பாஸ்கரின் படையையே சாய்த்துவிட்டது. "டீச்சர், உங்க கொண்டதான் எங்களக் கவுத்துச்சி" என்றார் பாஸ்கர். தோற்ற முகம், ஆனால் அடுத்த மாதத்துக்கு ஒரு மலைக் கணவாய் செய்து தரக் கேட்டார். மலை அங்கேயே தங்கிவிட்டது. திரும்பும் பஸ்ஸில் எங்களுக்குக் காலி கைகள்.

அதனால் சந்திரகிரியில் இறங்கிக் கோட்டையைப் பார்த்தோம். திருப்பதியிலிருந்து அரை மணி நேரம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், பார்த்துப் போங்கள். கோட்டைக்குப் பின்னால் பாறைகள் மாலை வெயிலில் பழுப்பும் ரோஜா நிறமுமாக இருந்தன, மழைநீர் வழிந்த இடமெல்லாம் கறுப்புக் கோடு. என் மலையை வெறும் சாம்பல் நிறத்தில் விட்டிருந்தேன். "அதோ பாரு, உன்னுதுல அந்தக் கறுப்புக் கோடு இல்ல" என்றார் வீட்டுக்காரர். அவரும் மலை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மலையோடு பஸ்ஸில் போகிறவர்கள் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், பின்சீட்டு காலியாக இருக்கும். பெட்டியை மேலே ஏற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள், மடியே பத்திரம்.

வீட்டில் ஒரு தெர்மாகோல் துண்டு இருந்தால் இன்றே மலையாக வெட்டுங்கள். பசை தொடுமுன் அதன்மேல் ஒரு சின்னப் பொம்மையை நிறுத்தி, மேசையை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்.