கடைசிக் கோட்டையும் நான் விட்ட டூப்பும்

அடாப்டர் சூடாகி ஒரு வாசனை வரும் பாருங்க... இஸ்திரி போட்ட துணி மாதிரி, லேசா கருகின மாதிரி. டிவி கேம் வெச்சிருந்த வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இத படிக்கும்போதே மூக்குல அடிச்சிருக்கும்!

மந்தைவெளில எங்க ஃபிளாட்டு, முதல் மாடி. கீழ் வீடு ரெஹானாவோடது. ரெண்டு பேரும் ஏழாவது, ஒரே கிளாஸ். முழாண்டு லீவு விட்டா அவ எங்க வீட்டு ஹால்லதான் இருப்பா. சோத்துக்கு மட்டும் கீழ போவா.

காரணம் அந்த மஞ்சள் கேசட்டு. மேல போட்டிருக்கறது ஆயிரக்கணக்குல கேம். உள்ள போனா அதே ஆறு கேம் வேற வேற பேர்ல! ஏமாத்துக்காரப் பசங்க. ஆனா அந்த ஆறுல ஒண்ணு இருக்கே... குதிக்கற கேம். பேரு சொல்ல வேணாம், உங்களுக்கே தெரியும்.

ஐயோ, என்னா கேம் அது!

வலது பக்கம் ஓடணும். குழி வந்தா குதிக்கணும். அவ்ளோதான் விஷயம். பட்டன லேசா தட்டினா சின்ன குதி, அழுத்திப் பிடிச்சா பெரிய குதி. நம்மாளு குதிக்கும்போது நாங்களும் ரிமோட்ட தூக்கிக்கிட்டு சோஃபாலேர்ந்து எழும்புவோம். ஒயர் இழுத்து மொத்த டப்பாவும் கீழ விழுந்திருக்கு.

ஒருத்தர் செத்தா ரிமோட்ட அடுத்தவங்க கைல குடுத்துடணும், அதான் ரூல். "நான் அழுத்தினேன்டி, இதான் குதிக்கல!"ன்னு கத்துவா ரெஹானா. பொய்யி. அழுத்தல, லேட்டு. அவளுக்கும் தெரியும்.

அந்த லீவுல ஒரு இடி. ரெஹானாவோட அத்தா திருச்சிக்கு கடைய மாத்தறாரு, ஞாயித்துக்கிழமை காலைல லாரி வருதுன்னு சொல்லிட்டாங்க. நாங்க அழல. "அதுக்குள்ள முடிச்சிடணும்டி"ன்னு உக்காந்துட்டோம். அது வரைக்கும் கடைசி கோட்டைய நாங்க கண்ணால கூட பாத்ததில்ல.

சனிக்கிழமை மத்தியானம் பாத்துட்டோம்!!

கடைசி கோட்டை. ஒரே ஒரு உயிர் பாக்கி. "நீ ஆடுடி, நீ ஆடுடி"ன்னு ரெண்டு பேரும் ரிமோட்ட மாத்தி மாத்தித் தள்ளிக்கிட்டு இருக்கோம். கரெக்டா அப்பதான் கீழேர்ந்து அவங்கம்மா கூப்பிடறாங்க, சாமான் கட்டணுமாம்.

அந்த டப்பால சேவ் எல்லாம் ஏது? ஆஃப் பண்ணா ஆதிலேர்ந்து ஆரம்பிக்கணும். கேம அப்படியே பாதில நிறுத்தி வெச்சிட்டு டிவிய மட்டும் அணைச்சோம். "காலைல வரேன், நான் இல்லாம தொடாத. சத்தியம் பண்ணு"ன்னா. பண்ணேன்.

"அந்த சனியன நிறுத்துடி, வீடு பத்திக்கப் போகுது"ன்னு அம்மா கத்தினதுக்கு நான் போட்ட அழுகைல அம்மாவே பயந்துட்டாங்க. இஸ்திரி பெட்டி போடக் கூட அந்த பிளக் பாயிண்ட்ட விட்டுக் குடுக்கல. அப்பா கசங்கின சட்டையோடதான் ரிசப்ஷனுக்குப் போனாரு. பாவம்.

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு முழிப்பு வந்துடுச்சு. சும்மா இருக்கான்னு பாக்கலாம்னு டிவிய போட்டேன். நம்மாளு அப்படியே நிக்கறான். குழியோட விளிம்புல.

அந்த ஒரு குழிய மட்டும் தாண்டி வெச்சிட்டா அவளுக்கு ஈஸியா இருக்குமேன்னு நெனச்சேன். நெசமா அதான் நெனச்சேன்.

கேம் ஓவர்.

சட்டுன்னு டிவிய அணைச்சேன். எட்டு மணிக்கு தலைய துவட்டிக்கிட்டே ஓடி வந்தா ரெஹானா. "இப்ப கொஞ்சம் முன்னாடி கரண்டு போயிடுச்சுடி... ரெண்டே நிமிஷம். எல்லாம் போச்சு"ன்னேன். என்னையே பாத்தா. "சரி, விடு"ன்னா. பத்து மணிக்கு லாரி கெளம்பிடுச்சு.

இப்ப எதுக்கு இந்தக் கதைன்னா... ஸ்கூல் வாட்ஸப் குரூப்புல அவள கண்டுபிடிச்சேன்! அவ அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு தி.நகர்ல துணி எடுக்க வந்தவ, நேத்துலேர்ந்து அடையாறுல எங்க வீட்டுலதான் இருக்கா. என் பையன் பேர சொல்லி நான் எனக்கு வாங்கின கேம் மெஷின்ல அதே சீரிஸோட புது கேம் இருக்கு. படம் பளபளன்னு, கலர் கலரா, நம்பவே முடியல. ஆனா ரிமோட்ட கைல வாங்கினதும் ரெஹானா அலறினா: "அடியே, அதே குதிடி!"

அதே குதிதான். லேசா தட்டினா சின்னது, அழுத்தினா பெருசு. எத்தன வருஷம் ஆனாலும் இந்த சீரிஸ் ஏன் நிக்குதுன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் அதான். விளக்கம் சொல்ல ஆளே வேணாம், கட்டைவிரலுக்குத் தெரியும். செத்தா நம்ம தப்புன்னும் நமக்கே தெரியும். கேம் மேல பழி போட முடியாது.

அப்பதான் எனக்குத் தாங்கல. சொல்லிட்டேன், கரண்டு போகல, நான்தான் சாகடிச்சேன்னு.

அவ திரையிலேர்ந்து கண்ண எடுக்கவே இல்ல. "தெரியும்டி. நாங்க அன்னிக்கு அஞ்சு மணிக்கே எந்திரிச்சு சாமான் கட்டிக்கிட்டு இருந்தோம். எங்க வீட்டு ஃபேன் ஒரு செகண்டு கூட நிக்கல."

"அப்ப ஏன்டி எதுவும் கேக்கல?"

"லாரி வந்துடுச்சே. சண்ட போட்டா சமாதானம் ஆக டைம் ஏது?"

 பன்னெண்டு வயசுல இவ்ளோ யோசிச்சிருக்கா அவ. இத்தன வருஷம் அவள ஏமாத்திட்டதா நெனச்சிருக்கேன் பாருங்க, நான் ஒரு லூசு.

இப்பல்லாம் நெனச்ச இடத்துல சேவ் பண்ணிக்கலாம், எத்தன உயிர் வேணாலும் கெடைக்குது. ஒரே ஒரு உயிருக்குப் பயந்து ரிமோட்ட தள்ளி விட்ட அந்த மத்தியானம் மட்டும் எந்த மெஷின்லயும் வராது.

நேத்து புது கேம்ல கடைசி கோட்டை வாசல் வரைக்கும் வந்துட்டோம். சேவ் பண்ணியாச்சு. அவ தி.நகர் போயிருக்கா, புடவை எடுக்க. ரிமோட்டு இதோ எதிர்லயேதான் இருக்கு... கை அரிக்குது, அதான் உக்காந்து இவ்ளோ நீளமா டைப் பண்ணிக்கிட்டு இருக்கேன்.

தொடல. சத்தியமா தொடல!