கால்மாட்டில் நிற்கும் நர்ஸ்

“உங்க நைனா முகத்த மலைப்பக்கம் திருப்பவே அந்த நர்ஸு உட மாட்டேங்கிறாளாம். உங்கம்மா சொல்லிக்கினு இருந்தாங்களாம்” என்றாள் பங்காருபாளையத்து ஜமீலா அக்கா, போனில். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அவள் தம்பி சொன்னதாம்.

தோஹாவில் எனக்கு வேலை ஓடவில்லை. அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

என் அம்மா தனபாக்கியம், நைனாவுக்குச் சோறு போடும் வேலையை மருமகளிடம்கூட விட்டதில்லை. கல்யாணப் பந்தியிலும் அவர் இலைக்கு ரசம் இவள்தான் ஊற்ற வேண்டும். நைனா முனிரத்தினம் பைக்கிலிருந்து விழுந்து, மண்டைக்குள் ரத்தம் கட்டி, திருப்பதியில் படுத்ததும் அவர் உடம்பு மொத்தமும் நர்ஸ் தாட்சாயணி பொறுப்பாகிவிட்டது.

மூளையில் அழுத்தம் ஏறக் கூடாது. அதற்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, கழுத்து மடங்காமல், தலை நேராக இருக்கும்படி படுக்க வைத்திருந்தார்கள். கழுத்து திரும்பினால் தலையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைபடுமாம். அதனால் நைனா கண் திறந்தால் கால்மாட்டில் நிற்கும் தாட்சாயணிதான் தெரிவாள். பக்கத்து ஸ்டூலில் இருக்கும் அம்மா தெரிய மாட்டாள். ஜன்னலும் திருமலையும் அந்த ஸ்டூல் பக்கம்தான்.

“சாமி மலையப் பாக்கட்டும்னுதானே திருப்பறேன்” என்றாள் அம்மா என்னிடம்.

“அம்மா, மெட திப்பொத்து. கழுத்தத் திருப்பாதீங்க.” தாட்சாயணி நைனாவின் தலையை நேராக்கி, இருபுறமும் சுருட்டிய துண்டை அணையாக வைத்தாள். “காலைல கழுத்தத் திருப்பினீங்க, வாந்தி எடுத்தாரு. உங்களப் பாக்கணும்னா நீங்க இப்டி வந்து நில்லுங்க.”

“கால்மாட்டுல நிக்க நான் இன்னா ஊரு ஜனமா? ஆரஞ்சிப் பையோட பாக்க வந்துக்கீறனா?”

தாட்சாயணி சிரித்துக்கொண்டே, “நைனா, கண்ணத் தொறங்க” என்றாள். அவர் திறந்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது.

“பாத்தியாடி, அவளப் பாத்து சிரிக்கிறத. எங்கிட்ட இப்டி சிரிச்சி எத்தினி வருசமாச்சி.”

“அம்மா, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லேன்” என்றேன்.

“நீயும் அவ கட்சிதானா?”

“பக்கத்து ரூமப் பாத்துட்டு வரேன். துண்ட மட்டும் எடுக்காதீங்கம்மா” என்ற தாட்சாயணியின் குரலும், கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. அம்மா போனைப் போர்வைமேல் வைத்துவிட்டாள். திரையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. ஸ்டூலை இழுக்கும் சத்தம்.

“இந்தா, நான் இங்கதான்கீறேன். இப்டிப் பாரு” என்றாள் நைனாவிடம், மிக மெதுவாக.

“அம்மா, துண்டத் தொடாத” என்றேன். இணைப்பு அறுந்தது.

மறுபடி கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.