பட்டப்பகலில் ஃப்ளாஷ்

எழுபதுகளின் கடைசியில், ஊரூர் ஒல்காட் குப்பத்து மீன்காரம்மா ஒருவரை உச்சி வெயிலில் படமெடுத்தேன். தலைக்கூடையின் நிழல் முகத்தை விழுங்கியிருந்தது. ஃப்ளாஷை மாட்டினேன்.

"இம்மாம் வெயில்ல இன்னாத்துக்கும்மா லைட்டு?" என்று சிரித்தார்.

"உங்க கண்ணு தெரியணும்."

லென்ஸின் துளையைப் பதினொன்றில் வைத்துவிட்டு, ஆட்டோமேட்டிக் ஃப்ளாஷிடம் எட்டு என்று பொய் சொன்னேன். லென்ஸில் எண் குறையக் குறையத் துளை பெரிது; பெரிய துளை என்று நம்பி அது கொஞ்சமாகவே வெளிச்சம் தந்தது. நிழலும் இருந்தது, கண்களும் தெரிந்தன.

படத்தைப் பார்த்து, எடுத்த விதத்தையும் கேட்டுக்கொண்ட மயிலாப்பூர் ஸ்டூடியோக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "ஃப்ளாஷுக்கும் பதினொண்ணே வெச்சிருந்தா முகம் நல்லா வெளுத்து வந்திருக்கும்."

"வெளுக்கறதுக்கு அவங்க என்ன சார், அழுக்குத் துணியா?" என்று படத்தை வாங்கிக்கொண்டேன்.