ஜவஹரின் மணிக்கட்டு வலி

தியாகராய நகரில் உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஜவஹருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பாத்திரக் கடை. பித்தளை, செம்பு, எவர்சில்வர் எதுவானாலும் ஜவஹர் கையால் எடை போட்டால் ஒரு கிராம் முன்னே பின்னே போகாது என்று அந்தச் சந்தில் பெயர். அப்பேர்ப்பட்டவரை ஒரு கணினி விளையாட்டு, மோசடிப் பேர்வழி என்று சொல்லி வெளியே தள்ளிவிட்டது. இதை இப்போது அவரே கடைக்கு வருகிறவர்களிடம் குக்கர் மூடியைத் துடைத்துக்கொண்டே சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் நடந்தபோது ஆறு வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஜவஹருக்கு வயது நாற்பத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை அவர் பாத்திரக் கடைக்காரர் அல்ல, போர்வீரர். கல்லூரித் தோழர்கள் மூன்று பேர், அவரவர் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து, ஒரே அணியாக ஏதோ ஒரு தீவில் குதித்து, துப்பாக்கியோடு அலைந்து, மற்ற அணிகளைச் சுட்டு வீழ்த்த வேண்டும். மற்ற இருவரில் லாரன்ஸ் அடையாறில் பிசியோதெரபிஸ்ட். ஸ்ரீஹரி மயிலாப்பூர்க்காரர், வேதியியல் பேராசிரியர். இந்த மூன்று பேரில் யார் சுமாராக ஆடுவார் என்று கேட்டால், ஜவஹர் சற்று யோசித்துவிட்டு லாரன்ஸ் என்பார். மற்ற இருவரையும் கேட்டால் யோசிக்கவே மாட்டார்கள்.

வினை 2025 அக்டோபரில் ஆரம்பித்தது. ஜவஹருடைய கணினி ஒன்பது வருடம் பழையது. ஒரு நாள் திரையில் அறிவிப்பு வந்தது: இந்த விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு வசதிகள் வராது, புதியதுக்கு மாறிக்கொள்ளவும். சரி என்று மாறப் போனால், புதியதை ஏற்க இந்தக் கணினிக்குத் தகுதி இல்லையாம். ஜவஹருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கடையில் முப்பது வருடத்துக்கு முன்னால் வாங்கிய அண்டாவைக்கூட ஈயம் பூசி இன்னும் பயன்படுத்துகிறவர்கள் வருகிறார்கள். நன்றாக ஓடுகிற மிஷினைத் தூக்கிப்போடு என்று சொல்ல இவன் யார்?

அந்த வாரம் முழுக்க யூடியூபில் தேடிப் பார்த்து லினக்ஸ் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார். இலவசம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம். பழைய கணினியிலும் ஓடும். உலகத்துக்கே தெரிந்த சங்கதிதான். என்றாலும் தாம்தான் முதலில் கண்டது போல ஜவஹர் நண்பர்கள் குழுவுக்குப் பதினொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

"நீங்க எல்லாம் வாடகை வீட்ல இருக்கீங்கடா. செவுத்துல ஆணி அடிக்கணும்னாலும் ஓனரைக் கேக்கணும். நான் சொந்த வீட்டுக்குக் குடி போறேன். உங்களுக்கு ரோஷம் இருந்தா நீங்களும் வாங்க."

ஸ்ரீஹரி ஒரு கட்டைவிரல் அனுப்பினார். லாரன்ஸ் மட்டும் கேட்டார்: "மச்சி, அந்தச் சொந்த வீட்ல நம்ம கேம் ஓடுமா?"

"எல்லாம் ஓடும்" என்றார் ஜவஹர். எங்கேயும் பார்த்து உறுதி செய்துகொள்ளவில்லை.

சனிக்கிழமை பிற்பகல்களில் அடையாறில் ஒரு நூலக மாடியில் லினக்ஸ் ஆர்வலர்கள் கூடுவார்கள் என்று கேள்விப்பட்டு, கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே திருவல்லிக்கேணியிலிருந்து வந்திருந்த ஹாஜிரா என்ற இருபத்தாறு வயது இன்ஜினியர் அவருக்கு உதவ முன்வந்தாள். முக்கியமான ஃபைல்களை முதலில் பத்திரமாக நகல் எடுத்தாள். பிறகு கேட்டாள்.

"கேம் ஏதாவது ஆடுவீங்களா, அங்கிள்? எந்த கேம்னு சொன்னா பாத்துச் சொல்லிடுவேன்."

அந்த 'அங்கிள்'தான் காரியத்தைக் கெடுத்தது. ஜவஹர் சுற்றிலும் பார்த்தார். எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். தொப்பை மேசையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, ஞாயிறு தவறாமல் பாராசூட்டில் தீவில் குதிக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"சீட்டாட்டம்தாம்மா. சும்மா பொழுதுபோக்கு."

"அப்பப் பிரச்சனையே இல்ல. பழசை மொத்தமா அழிச்சிடலாமா?"

"அழிச்சிடும்மா" என்றார் ஜவஹர், நாட்டுக்கு விடுதலை வாங்குகிறவர் குரலில்.

மறுநாள் விடியற்காலை எழுந்து உட்கார்ந்தார். பொதுவாகச் சொன்னால் அவர் ஒன்றும் ஏமாறவில்லை. விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டுகளை லினக்ஸில் ஓட வைக்க நடுவிலே மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு மென்பொருள் இருக்கிறது. அவரிடம் இருந்த லாரி ஓட்டும் விளையாட்டு முன்பைவிட வழுவழுவென்று ஓடியது. தீவு விளையாட்டும் திறந்தது. முரசு கொட்டியது. ஜவஹர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் திரை இருண்டு, ஒரு சிறிய கட்டம் வந்தது: 'ஐயத்துக்குரிய சூழல். அனுமதி இல்லை.'

விஷயம் இதுதான். ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்க அந்த விளையாட்டு தன்னோடு ஒரு காவலாளியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அவன் கணினியின் அடித்தளம் வரை இறங்கிச் சோதனை போட வேண்டும் என்பான். லினக்ஸில் அவனுக்கு அந்த வழி இல்லை. கதவைத் திறக்காதவன் திருடன்தான் என்று அவன் முடிவு கட்டிவிடுவான். இது தெரியாத ஜவஹர், யாரோ ஒருவர் வீடியோவில் சொன்ன குறுக்குவழியைப் போட்டுப் பார்த்தார். அதோடு அவருடைய கணக்கையே முடக்கிவிட்டார்கள். காரணம் என்ற இடத்தில் 'மோசடி' என்று இருந்தது.

போன் அடித்தது. லாரன்ஸ்.

"மச்சி, எங்க கீற? நானும் ஹரியும் இருபது நிமிஷமா காத்துக்கினு கீறோம்."

பதினொரு வாய்ஸ் மெசேஜும் ஜவஹரின் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

"மணிக்கட்டுல வலிடா. மவுஸைப் பிடிக்கவே முடியல."

சொல்லி முடித்த பிறகுதான், தாம் பேசிக்கொண்டிருப்பது ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் என்பது நினைவுக்கு வந்தது.

"எந்தப் பக்கம்? கட்டைவிரல் பக்கமா, சுண்டுவிரல் பக்கமா?" லாரன்ஸ் குரலே மாறிவிட்டது.

"ரெண்டு பக்கமும்."

"மரத்துப் போற மாதிரி கீதா?"

"கொஞ்சம்... விட்டு விட்டு."

அன்றிலிருந்து தினமும் பயிற்சி வீடியோ வந்தது. பந்தை அமுக்கு, துண்டை முறுக்கு, விரலை விரி. செய்துவிட்டுப் போட்டோ அனுப்பச் சொன்னார் லாரன்ஸ். ஜவஹர் மருந்துக் கடையில் மணிக்கட்டுக்குப் போடும் துணிப்பட்டி வாங்கிச் சுற்றிக்கொண்டு போட்டோ அனுப்பினார். லாரன்ஸ் எந்த நேரமும் கடைப் பக்கம் வரக்கூடும் என்பதால் கடையிலும் கழற்ற முடியவில்லை. அண்டாவை எல்லாம் அண்ணன் தூக்கினார். வாடிக்கையாளர்கள் ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள்.

இரண்டாவது வாரம் ஷண்முகப்ரியா, அவர் மனைவி, காபியை வைத்துவிட்டுக் கையையே பார்த்தாள். அவளுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி.

"போன வாரம் வலது கைல்லா வலிச்சுது?"

ஜவஹர் குனிந்து பார்த்தார். பட்டி இடது கையில் இருந்தது.

"ஓடலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. என்னத்துக்கு இந்த வேசம் போடுதீய?"

"சொந்த வீடு, வாடகை வீடுன்னு பேசிட்டேனே, ப்ரியா."

"ஆமா. நானும் கேட்டேன். மாடி வீட்டுக்காரவுகளும் கேட்டாவ."

மூன்றாவது வாரம் ஸ்ரீஹரியிடமிருந்து செய்தி வந்தது. "வைதேகி உன் இடத்துல சும்மா ஒக்காந்து பாத்தாடா. இன்னிக்கு மூணு ஆட்டமும் ஜெயிச்சுட்டோம். நீ கையை நன்னா பாத்துக்கோ, அவசரமே இல்லை." வைதேகி ஸ்ரீஹரியின் மனைவி. அதுவரை 'ஆத்துல காத்தாலேயே சுடாதேளேன்' என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தவள். நான்காவது வாரம் அணி தரவரிசையில் இரண்டு படி மேலே போனது. ஜவஹர் இருந்த ஆறு வருடத்தில் அரைப் படிகூட ஏறாத அணி. 'அவசரமே இல்லை' என்பதை ஜவஹர் நான்கைந்து தடவை படித்தார். 'வாழ்த்துகள்' என்று அனுப்பிவிட்டு, தன்னுடைய லாரியில் தக்காளி ஏற்றிக்கொண்டு ஏதோ ஒரு தேசத்து நெடுஞ்சாலையில் தனியாக இரண்டு மணி நேரம் ஓட்டினார். சிக்னலில்கூட நிற்கவில்லை.

ஆறாவது வாரம் வெட்கத்தை விட்டு, இல்லை, பாதி வெட்கத்தை விட்டு, அடையாறு போய் ஹாஜிராவைப் பார்த்தார்.

"என் ஃப்ரெண்டு ஒருத்தர்மா. இந்த மாதிரி ஒரு சுடுற கேம். அவருக்கு லினக்ஸ்ல ஓடலையாம்."

ஹாஜிரா விளையாட்டின் பெயரைக் கேட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த பட்டியையும் பார்த்தாள்.

"அது ஓடாது, அங்கிள். அதோட ஒரு காவலாளி புரோகிராம் வரும், அதுக்கு லினக்ஸ்ல வழி இல்ல. அந்த கம்பெனியே மனசு வெச்சாத்தான் உண்டு. முன்னாடியே சொல்லியிருந்தா பழசையும் ஒரு ஓரமா வெச்சுக் குடுத்திருப்பேன். ஆனா காவலாளி தொல்லை இல்லாத கேம் நிறைய இருக்கு. நாலு பேர் சேர்ந்து ஆடுறது, இதுலயும் ஓடும், விண்டோஸ்லயும் ஓடும்." ஒரு தாளில் ஐந்தாறு பெயர் எழுதிக் கொடுத்தாள். "உங்க ஃப்ரெண்டு கையையும் பாத்துக்கச் சொல்லுங்க."

அடுத்த நாள் ஞாயிறு, காலை ஒன்பது மணி. ஜவஹர் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார். பட்டி நாற்காலி முதுகில் தொங்கியது. திரும்பிப் பார்த்தால் வாசலில் லாரன்ஸ், பின்னால் ஸ்ரீஹரி, வைதேகி. லாரன்ஸ் கையில் வெந்நீர்ப் பை. ஸ்ரீஹரி கையில் சாத்துக்குடி.

"ஆறு வாரம் ஆச்சு, நேர்ல பாத்துடலாம்னு வந்தோம்" என்றார் லாரன்ஸ். எதுவும் கவனிக்காதவர் மாதிரி ஜவஹரின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இங்க வலிக்குதா?"

"ஆ!"

"இங்க?"

"ஆ... ஆ!"

"மச்சி, நான் இப்போ தொட்டது உன் வாட்ச்."

ஷண்முகப்ரியா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "அவுகளுக்குக் கையில ஒண்ணும் இல்லண்ணே. அந்தப் பெட்டியில உங்க விளையாட்டு ஓடல. அதைச் சொல்ல மானம் போவுதாம்."

ஜவஹர் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் சிரித்தது வைதேகி. பிறகு ஸ்ரீஹரி, சாத்துக்குடிப் பை கையிலிருந்து நழுவுகிற அளவுக்கு. லாரன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆறு வாரமா உனக்கு வீடியோ எடுத்து அனுப்பிக்கினு இருந்தேன். நரம்பா இருக்குமோ, ஆபரேஷன் வரைக்கும் போயிடுமோன்னு எங்க சீனியர் டாக்டராண்ட கேட்டேன்டா."

அதுதான் ஜவஹருக்கு உண்மையிலேயே வலித்தது. "தப்புதான்டா, லாரன்ஸ்" என்றார். பிறகு கணக்கு முடங்கியது, மோசடிப் பட்டம், ஹாஜிராவிடம் சொன்ன சீட்டாட்டம் என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். இடது கையில் பட்டி கட்டியதைச் சொல்லும்போது லாரன்ஸும் சிரித்துவிட்டார்.

"சரி, இப்போ என்னதான் ஓடறது உன் சொந்த வீட்ல?" என்று ஸ்ரீஹரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜவஹர் லாரியைக் காட்டினார். ஸ்ரீஹரி ஓட்டிப் பார்த்தார். பதினைந்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. வைதேகி ஹாஜிராவின் தாளை எடுத்து ஒவ்வொரு பெயராகப் படித்து, கைபேசியில் தேடி, ஒன்றைச் சுட்டினாள். நான்கு பேர் சேர்ந்து ஒரு மலைக்கோட்டையைக் காக்கும் விளையாட்டு.

"அடுத்த ஞாயித்துக்கிழமை இது. ரெண்டிலேயும் ஓடறதாம். நான் கேப்டன். உங்களுக்கு ஒரே ஒரு கண்டிஷன் ஜவஹர், வாய்ஸ் மெசேஜ் கூடாது."

ஜவஹர் தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான்கு பேரும் வந்துவிட்டார்கள். விளையாட்டு ஒரு சிக்கலும் இல்லாமல் திறந்தது. யாரும் அவரைச் சோதனை போடவில்லை. ஜவஹர் வாளை உருவிக்கொண்டு, கேப்டன் 'இருங்கோ, இருங்கோ' என்று கத்துவதைக் காதில் வாங்காமல், கோட்டைக் கதவைத் திறந்துகொண்டு முதல் ஆளாக வெளியே ஓடினார். இரண்டே நிமிடத்தில் மலையிலிருந்து உருண்டு விழுந்து செத்தார். இந்தத் தடவை பழி போட எதுவும் இல்லை. கணினியும் நன்றாக இருந்தது, கையும் நன்றாக இருந்தது.

"மச்சி, செத்துட்டியா?" என்றார் லாரன்ஸ்.

"செத்துட்டேன்டா" என்றார் ஜவஹர் சந்தோஷமாக. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு, மற்ற மூன்று பேரும் கோட்டையைக் காப்பதை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போனார்.