குடிக்காதவனின் ஈரல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கு ஈரல் கெட்டுப்போனால் சாராயம்தான் காரணம் என்பார்கள். நானும் அப்படித்தான் பேசித் திரிந்தேன். கோயில் கமிட்டியில் இருந்த திமிரில், குடிக்கிற முருகேசைத் தேர்வடம் தொட விட்டதில்லை. அவன் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் டவுன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, என் ஈரலில் கொழுப்பு நிறைந்து தழும்பு விழ ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் ஒரு சொட்டு குடிச்சதில்லைங்க!"

"தேத்தண்ணி எப்படிக் குடிப்பீங்க?" என்றார் சிரிக்காமல்.

நான் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுகிறவன். நிறுத்துகிற கடையிலெல்லாம் சீனிப் பாகாய் இனிக்கும் டின்பால் போட்ட தேத்தண்ணியும், பணிசு என்கிற இனிப்பு பன் ஒன்றும் உண்டு. மிஞ்சுகிற இனிப்பை உடம்பு கொழுப்பாக்கி ஈரலில் சேர்க்கும், அந்தக் கொழுப்பு ஈரலைப் புண்ணாக்கும், புண் ஆறி ஆறித் தழும்பாகும் என்று விளக்கினார்.

"இது ஆரம்பந்தான். ஒடம்பக் கொறச்சா கொழுப்பு கரையும், தழும்பும் கொறையலாம்."

வெளியே வாங்குப் பலகையில் முருகேசு உட்கார்ந்திருந்தான். அவனும் ஈரலுக்குத்தான் வந்திருந்தான். என்ன கேட்பானோ என்று கூசிப்போய், நானே விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"பயப்படாதீங்கண்ணே. குடிய விட்ட பெறகு எனக்கே தேவலைன்னு சொல்றாங்க. காலையில நான் நடக்கப் போறேன், நீங்களும் வாங்க."

இப்போது தினமும் விடிந்ததும் இருவரும் தேயிலை மலை ஏறுகிறோம். என் இடுப்புப் பட்டி இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. செங்குத்தான இடத்தில் எனக்கு மூச்சு வாங்கும்போது முருகேசு கை நீட்டுகிறான். நான் தட்டிவிட்ட அதே கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன்.