நான் ஜெயித்த ஆட்டத்தின் படம்

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், மகன் விட்டுப்போன பழசு. சிம்மக்கல் கம்ப்யூட்டர் கடைக்காரர் அதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த பிறகு நன்றாகவே ஓடுகிறது. என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் அதில் சீட்டு அடுக்கும் ஆட்டம் ஆடுவார். பின்னால் நின்று பார்த்தே நானும் கற்றுக்கொண்டேன். தமிழே எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். சீட்டுக்குப் படிப்பு எதற்கு?

இரண்டு தடவை முழுசாக அடுக்கி ஜெயித்தேன். இரண்டு தடவையும் அவர் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் என் கை பட்டு அது திரையிலிருந்து மறைந்துவிட்டது. சொன்னால், "பகல்ல தூங்கி எந்திரிச்சா இப்படித்தான் தோணும்" என்று சிரித்தார். பொய்க்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா நான்?

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி மகளுக்குப் போன் போட்டேன். கீபோர்டின் மேல் வரிசையில், வலப்பக்கம் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் திரையில் தெரிவதெல்லாம் அப்படியே படமாகிவிடும் என்றாள். அடையாளத்துக்கு அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். என்ன இது என்று அவர் கேட்டதற்கு, அழகுக்கு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சில் பங்குக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது ஜெயித்தேன். வேறு எதையும் தொடாமல் பொட்டை மட்டும் அமுக்கினேன். திரை ஒரு வெட்டு வெட்டி அடங்கியது. தம்பி மகளிடம் மறுபடி கேட்டு, படம் போய் விழுந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் அதுவே தெரிகிற மாதிரி முகப்பில் வைக்கவும் அவளே வழி சொன்னாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

சாயங்காலம் அவர் உட்கார்ந்தார். மவுஸைத் தட்டும் சத்தம் சமையலறை வரை கேட்டது. அணைத்துவிட்டுத் திரும்பவும் போட்டுப் பார்த்தார் போல.

"இந்தா, இங்கிட்டு வா. புது ஆட்டத்தத் தட்டுனா வர மாட்டேங்குது. என்னத்த அமுக்கி வச்ச?"

அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாகப் போனேன்.

"அது ஆட்டம் இல்லைங்க. நான் ஜெயிச்சதோட போட்டோ."

அவர் நம்பவில்லை. படத்தைத் தனியாகத் திறந்து காட்டினேன். மேலே கிழமையும் மணியும் சேர்ந்தே விழுந்திருந்தன. அந்நேரம் அவர் கூட்டத்தில் இருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"இம்புட்டும் நீயா அடுக்குன?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரியா வந்து அடுக்குனா?"

அவர் படத்தை மூடினார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சரி, உக்காரு. எப்படி அடுக்குனன்னு ஆடிக் காட்டு."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.