யானை மேலேயே செத்தேன்

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஆயுத பூஜைக்கு நாங்கள் போட்ட நாடகம் தக்கோலப் போர். இந்தத் தொண்டை மண்டலத்தையே சோழர்கள் ராஷ்டிரகூடரிடம் இழந்த சண்டை. சோழ இளவரசன் யானை மேலேயே அம்பு பட்டுச் செத்தான். நான்தான் இளவரசன். நான் ஓட்டும் ஃபோர்க்லிஃப்டுக்குத் தும்பிக்கை கட்டி யானையாக்கியிருந்தோம்.

“பூஜை நாள்ல தோல்வி அபசகுனம். சோழன் ஜெயிக்கணும். இல்லன்னா உனக்கு வேலை இல்ல” என்றார் மேனேஜர்.

நாடகத்தில் எனக்கு அம்பு பட்டதும் மேனேஜர் முன்வரிசையிலிருந்து, “புடுங்கிப் போட்டுட்டு எழுந்திருடா!” என்று கத்தினார்.

“ஓடிப் போவாம யானை மேலயே செத்தாரு சார். இதுல இன்னா கேவலம்?” என்று கேட்டுவிட்டு, சீட்டிலேயே சாய்ந்து செத்தேன். லோடிங் ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

வேலை போனது. பொய்யாக ஜெயிக்க இன்றும் மனம் வராது. இப்போது காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேறொரு யானை ஓட்டுகிறேன்.